முருகவேல் தேர்ந்தெடுத்த நான்கு டயர்கள்

முருகவேலுக்கு எழுத்து மெதுவாகத்தான் வரும். பஸ்ஸின் போர்டைக் கூட்டிப் படித்து முடிப்பதற்குள் பஸ் நகர்ந்துவிடும். ஆனால் டயரின் பக்கவாட்டில் புடைத்திருக்கும் எண்களை அவன் விரலால் தடவியே சொல்லிவிடுவான். அகலம் எவ்வளவு, எந்த வீலுக்குப் பொருந்தும், எத்தனை கிலோ தாங்கும், எந்த வருடத்தின் எத்தனையாவது வாரத்தில் செய்தது என்பதெல்லாம் அந்த எண்களில் இருக்கிறது. ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவனுக்கு இதை யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. மகள் மீனா செத்த பிறகு, கண்ணில் பட்ட வண்டிகளுக்குப் பக்கத்திலெல்லாம் குந்தி உட்கார்ந்து, பஞ்சர் கடைக்காரர்களைத் தொந்தரவு செய்து, தானாகக் கற்றுக்கொண்டான்.

மீனா செத்தது 2012இல். கரியாலூருக்கு மேலே ஒரு சிற்றூர் அவனுடையது. சாமையும் மரவள்ளியும் போடுகிற குடும்பம். நிலம் அண்ணன்களுக்கே போதவில்லை என்பதால் இவன் ஸ்டியரிங் பிடித்தான். மலையிலிருந்து கள்ளக்குறிச்சிக்கு ஆள் ஏற்றுகிற ஜீப் அது. அடிவாரத்துக் கீழ்நாட்டுக்காரர் ஒருவருடையது. முன் டயர் இரண்டும் வழுக்கையாகிவிட்டன, மாற்றிக் கொடுங்கள் என்று இவன் கேட்டுக்கொண்டே இருந்ததில், ஒரு நாள் மாற்றி வைத்திருந்தார். ஆழமான கோடுகளோடு, பார்க்கப் புதிது போலத்தான் இருந்தது. மறுவாரம், லீவு முடிந்து ஹாஸ்டலுக்குத் திரும்ப வேண்டிய ஒன்பது வயது மீனாவை முன் சீட்டில் தன் பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொண்டு மலை இறங்கினான். மூன்றாவது வளைவில் இடது முன் டயர் வெடித்தது. ஜீப் பள்ளத்தில் உருண்டதில் மீனாவும், கடுக்காய் மூட்டையோடு வந்த ஒரு கிழவரும் செத்தார்கள். முருகவேலுக்கு முழங்கையில் சிராய்ப்பு.

ஸ்டேஷனில் ஒரு ஏட்டு அந்த டயரைக் காலால் புரட்டிக் காட்டினார். தேய்ந்த பழைய டயரில் சூடான கத்தியால் கோடு கிழித்துப் புதிது போல ஆக்கியிருந்தார்கள். கோட்டின் அடியில் நூல் தெரிந்தது. ஒரு வாரமாகத் தினமும் அந்தச் சக்கரத்தைத் துடைத்தவன் அவன். நூல் அவன் கண்ணில் படவேயில்லை. ஜீப்காரர் மீது வழக்கு வரவில்லை. கவனக்குறைவாக ஓட்டினான் என்று இவன் மேல்தான் வந்தது.

வழக்கு இழுத்துக்கொண்டிருந்த காலத்தில் அவனை நம்பி வண்டி கொடுக்க யாரும் இல்லை. மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் நாற்பது ஏக்கர் கரும்பு வைத்திருந்த சுப்புராயன் கொடுத்தார். மற்றவர்களுக்குக் கொடுப்பதில் பாதிச் சம்பளம். வேறு எவனும் உன்னைச் சேர்த்துக்கொள்ள மாட்டான், அது ஞாபகம் இருக்கட்டும் என்று முதல் நாளே சொல்லிவிட்டார். அதை அவன் மறக்காதபடியும் பார்த்துக்கொண்டார். காரில் புதிதாக யார் ஏறினாலும், ஊர்ப் பேச்சு முடிந்ததும் டிரைவர் பேச்சு வரும். "ஜீப்ப கவுத்துட்டு வந்தவன். ரெண்டு உசுரு. அதுல ஒண்ணு இவனோட பொண்ணு." ஏறியவர்கள் கண்ணாடியில் அவன் முகத்தைப் பார்ப்பார்கள். முருகவேல் ரோட்டைப் பார்த்து ஓட்டுவான். டிராக்டர் கொட்டகையை ஒட்டிய அறையில் அவனும் மனைவி சாமியம்மாளும் குடியிருந்தார்கள். அவள் மாட்டுக்கொட்டில் வேலை பார்த்தாள். பதினொரு வருடம் இப்படிப் போனது. அதற்குள் வழக்கிலிருந்து விடுதலையாகிவிட்டான். சம்பளம் மட்டும் பாதியிலேயே நின்றது.

2023 ஆவணியில், மழை பெய்து தண்ணீர் நின்ற ஒரு பள்ளத்தில் கார் இறங்கியது. ஏழு பேர் உட்காரும் பெரிய கார். ஒரு வீல் விளிம்பில் பிளந்துவிட்டது. மற்ற டயர்களும் ஆயுள் முடிகிற நிலையில்தான் இருந்தன. நான்கையும் மாற்றிவிடலாம் என்று சுப்புராயன் முடிவு செய்தார். சங்கராபுரத்தில் ஒரு கல்யாணத்தில் தன் பங்காளியின் காரைப் பார்த்ததிலிருந்து அவருக்கு ஓர் ஆசை இருந்தது. கன்னங்கரேல் என்று பெரிய வீல், அதன் மேல் ஒரு பட்டை போல ஒல்லியாக டயர். அதைத்தான் போட வேண்டும் என்று கள்ளக்குறிச்சிக்குப் புறப்பட்டார். பள்ளிக்கூடச் சாமான் வாங்க வேண்டும் என்று அவருடைய மருமகள் ரம்யாவும் உடன் வந்தாள். அவள் கணவன் வெளிநாட்டில் இருந்தான். ஆறு வயது மகள் அபிநயாவோடு மாமனார் வீட்டிலேயே இருந்தாள்.

டயர்க் கடைக்காரர் பெயர் ராசு. முப்பது வயதுதான் இருக்கும், வாய் ஓயாமல் பேசுகிறவர். சுப்புராயன் கேட்டதும் பதினெட்டு அங்குலக் கறுப்பு வீலையும் அதற்கான டயரையும் உருட்டிக்கொண்டு வந்து நிறுத்தினார். சுப்புராயன் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். முருகவேலும் பார்த்தான். குந்தி உட்கார்ந்து பக்கவாட்டைத் தடவினான். பிறகு எழுந்து, யாரும் கேட்காமலே வாயைத் திறந்தான்.

"அய்யா, இது வாணாங்க. பக்கம் மூணு விரக்கட கூட இல்ல. மலை ரோட்டுல ஒரு கல்லு பட்டா வீலுக்கும் கல்லுக்கும் நடுவுல மாட்டி டயர் கிழிஞ்சுடும். நம்ம வண்டில இருந்தது ஒவ்வொண்ணும் எழுநூத்தி எழுவத்தஞ்சு கிலோ தாங்கும். இது அறுநூத்திப் பதினஞ்சுதான். அதுவும் அஞ்சு வருசத்துக்கு முன்னாடி செஞ்சது. கடையிலயே கெடந்து காஞ்சிருக்குது."

சுப்புராயன் எதையோ சொல்லப் போனார். அதற்குள் ரம்யா குறுக்கே வந்தாள். பாப்பாவை அழைத்துக்கொண்டு மலையில் இருக்கிற நம் தோப்புக்குப் போய்வருகிற கார் இது, இவருக்கு இதெல்லாம் தெரிகிறது, அண்ணன் எதைச் சொல்கிறாரோ அதையே போடலாம் மாமா என்றாள். கடையில் வேறு இரண்டு வாடிக்கையாளர்கள் நின்றிருந்தார்கள். அவர்கள் முன்னால் மருமகளிடம் மறுத்துப் பேச சுப்புராயனால் முடியவில்லை. சரி, அவனையே பாக்கச் சொல்லு என்று நாற்காலியில் போய் உட்கார்ந்துவிட்டார்.

அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் முருகவேல் வேறு ஆளாக இருந்தான். அடுக்கிலிருந்து ஒவ்வொரு டயராக இறக்கச் சொல்லித் தேதியைப் பார்த்தான். மூன்று மாதத்துக்குள் செய்த நான்கைத் தேடி எடுத்தான். பழைய அளவிலேயே, பதினாறு அங்குலத்தில், வெள்ளி நிறத்தில் சாதாரண வீல்களைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றையும் பேலன்ஸிங் மிஷினில் சுற்றவிட்டு விளிம்பு ஆடுகிறதா என்று பார்த்தான். வால்வைப் புதிதாகப் போடச் சொன்னான். நட்டுகளை வேலையாள் முடுக்கிய பிறகு தானும் ஒரு முறை முடுக்கினான். ரம்யா ஏதாவது கேட்டால் நிறுத்தி விளக்கினான். இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவன் அத்தனை பேசி அவள் கேட்டதில்லை. இதெல்லாம் முன்னமே தெரிந்திருந்தால் என்று நடுவில் ஒரு முறை நினைத்தான். பிறகு அடுத்த நட்டுக்குப் போனான். சுப்புராயன் நாற்காலியில் உட்கார்ந்து மருமகள் தலையாட்டுவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பத்து நாள் கழித்து பங்காளி வீட்டுக்கு வந்தார். காரைப் பார்த்துவிட்டு, இன்னாண்ணே, ஆட்டோ சக்கரம் மாட்டிக்கினு வந்துட்ட என்று சிரித்தார். கொடுத்த விலையைக் கேட்டுவிட்டு, இதே காசுக்குக் கறுப்பு வீலே வந்திருக்குமே, உன் டிரைவர் எதுக்கு இதைப் பிடித்து நின்றான், கடைக்காரன் ஏதாவது கொடுத்திருப்பான் என்றார். சுப்புராயன் சிரிக்கவில்லை. போனை எடுத்து, வாசலில் கரும்பு வெட்டும் ஆட்கள் பத்துப் பேர் கணக்குப் பேச நின்றிருக்கும்போதே, ஸ்பீக்கரில் போட்டு ராசுவைக் கூப்பிட்டார். முருகவேலை எதிரே நிற்கச் சொன்னார்.

என் டிரைவருக்கு எவ்வளவு கொடுத்தாய் என்று கேட்டார். ராசுவின் குரல் வந்தது. "ரெண்டாயிரங்க. அவர்தான் கேட்டாரு. எல்லாரும் கேக்கறதுதானே, குடுத்துட்டேன்."

முருகவேல் இல்லை என்றான். கடைக்குள் டீ கூடக் குடிக்கவில்லை என்றான். இரண்டாவது முறையும் அதையே சொன்னான். வெட்டு ஆட்கள் தரையைப் பார்த்தார்கள். சுப்புராயன் நிதானமாகப் போனை மடியில் வைத்தார்.

"வாங்கலன்னு சத்தியம் பண்ணு. செத்துப்போன உன் பொண்ணு மேல பண்ணு. நம்பறேன்."

முருகவேல் வாயைத் திறந்தான். மீனா என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். பதினொரு வருடமாக அந்தப் பெயரை அவன் வெளியே சொன்னதில்லை. சாமியம்மாளிடம்கூடச் சொன்னதில்லை. இரண்டாயிரம் ரூபாய்க்காக, டயருக்காக, இந்த வாசலில் அதைச் சொல்ல நாக்கு எழவில்லை. உதடு மட்டும் அசைந்தது. மாட்டுக்கொட்டில் பக்கம் சாணிக்கூடையோடு நின்ற சாமியம்மாள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாத்துக்குங்க" என்றார் சுப்புராயன் எல்லோரிடமும். "சொந்தப் பொண்ண டயர்ல சாவடிச்சவன், எனக்கு டயர் எடுத்துக் குடுக்க வந்துட்டான்."

ரம்யா கதவருகில் நின்றிருந்தாள். முருகவேல் அவளைப் பார்த்தான். கடையில் ஒரு மணி நேரமும் பக்கத்திலேயே இருந்தவள் அவள் ஒருத்திதான். அவள் குழந்தையின் தலையில் கை வைத்து உள்ளே தள்ளிக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் சுப்புராயன் அவனையே ராசு கடைக்குக் காரை எடுத்துக்கொண்டு போகச் சொன்னார். அவன் தேர்ந்தெடுத்த நான்கையும் அவனே கழற்றிக் கொடுத்து, கறுப்பு வீல்களை அவனே மாட்டிக்கொண்டு வர வேண்டும். நஷ்டம் சம்பளத்தில் பிடிக்கப்படும். ராசு ஒன்றும் நடக்காததுபோல டீ வாங்கிவரச் சொன்னார். முருகவேல் டீயைத் தொடவில்லை. ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று மட்டும் கேட்டான். ராசு ஜாக்கியைத் தள்ளிக்கொண்டே பதில் சொன்னார். அவர் முகத்தில் பகை ஒன்றும் இல்லை.

"அவருக்குக் கோவப்பட ஒரு ஆள் வேணும்ணே. நீ இல்லனா நானு. எனக்குக் கடை இருக்குது."

டயர்கள் அதே பழைய சரக்குத்தான். தேதியைத் தடவிப் பார்க்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

வேலையை விட்டுப் போய்விடலாம் என்று சாமியம்மாள் சொன்னாள். அவன் போகவில்லை. எங்கே போனாலும் கமிஷன் அடித்தவன் என்ற பேச்சு முன்னால் போய் நிற்கும் என்று அவளுக்குக் காரணம் சொன்னான். உண்மைக் காரணம் வேறு. அவன் காத்திருந்தான். இந்த டயர் தாங்காது என்று அவனுக்குத் தெரியும். என்றைக்காவது ஒரு நாள், தோப்புக்குப் போகிற வழியிலோ சர்க்கரை ஆலைக்குப் போகிற வழியிலோ, அது கிழியும். அன்றைக்குச் சுப்புராயன் கீழே இறங்கி அதைப் பார்ப்பார். அந்த முகத்தைப் பார்த்துவிட்டுப் போகலாம்.

விடியற்காலையில் எழுந்து காரைத் துடைக்கும்போது டயரைச் சுற்றிக் கைவிளக்கு அடித்துப் பார்ப்பான். முன்பெல்லாம் ஏதும் இருந்துவிடக் கூடாதே என்று பார்த்தவன், இப்போது ஏதாவது தென்படுகிறதா என்று தேடினான். ஒரு கீறலாவது, ஒரு வீக்கமாவது. ஐப்பசி போனது, கார்த்திகை மழையில் ரோடெல்லாம் குழியாகி அதுவும் போனது. டயர் ஓடியது. தை பிறந்தது. ஆலையில் அரவை நடக்கும் நாட்களில் தினமும் நாலு நடை. கரும்பு டிராக்டர்கள் கிழித்துப்போட்ட ரோட்டிலும் டயர் ஓடியது. விருந்தாளிகள் வந்தால் சுப்புராயன் செருப்புக் காலால் டயரை ஒரு தட்டுத் தட்டுவார். "கிழிஞ்சிடும்னு சொன்னானே ஒருத்தன். பாரு, கல்லு மாதிரி இருக்குது." அவர்கள் சிரிப்பார்கள். முருகவேல் கதவைத் திறந்துவிட்டு நிற்பான்.

அடுத்த வைகாசியில் மலையில் பலா பழுத்திருக்கிறது என்று தோப்புக்குக் கிளம்பினார்கள். முன் சீட்டில் சுப்புராயன். பின்னால் ரம்யாவும் அபிநயாவும். கோமுகி அணையைத் தாண்டி மலை ஏறத் தொடங்கியதும், ஆறு மாதம் முன்பு மாற்றிய சீட் உறையைப் பாப்பா பிய்க்கிறாள் என்று ரம்யா அதட்டினாள். பாப்பாவைச் சிரிக்க வைக்க சுப்புராயன் ஒரு கதை சொன்னார். மலைக்காரன் ஒருவன் முதல் தடவையாகச் சக்கரத்தைப் பார்த்து அதற்குப் புல் போட்ட கதை. சொல்லிவிட்டு முருகவேல் தோளில் ஒரு தட்டுத் தட்டினார். "நெசந்தானடா?"

மேலேயிருந்து மூன்றாவது வளைவு வந்தது, ஜீப் உருண்ட அதே வளைவு. மழையில் சரிந்த பாறைத் துண்டு ஒன்று ரோட்டின் இடது ஓரத்தில் கிடந்தது. கோடாரி போல ஒரு விளிம்பு மேலே நீட்டிக்கொண்டிருந்தது. அதை அவன் நூறடி தூரத்திலேயே பார்த்துவிட்டான். விலகிப் போக ரோட்டில் தாராளமாக இடம் இருந்தது. இடது பக்கம் பள்ளம். முருகவேல் ஸ்டியரிங்கை ஒரு கை அளவு இடது பக்கம் திருப்பினான். காலை அழுத்தினான்.

சத்தம் பெரிதாக வந்தது. காரை ஒரு பக்கம் தூக்கிப் போட்டது. அபிநயாவின் தலை கண்ணாடியில் மோதியது. அவன் கை தானாகவே ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. டயர் வெடிக்கவில்லை. கார் ஆடிவிட்டு நேரானது. இரண்டடி தள்ளி ரோட்டின் விளிம்பு இருந்தது.

"கண்ணு அவிஞ்சுபோச்சாடா?" என்றார் சுப்புராயன்.

முருகவேல் கண்ணாடியில் பார்த்தான். ரம்யா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளும் அந்தப் பாறையை முன்னமே பார்த்திருக்கிறாள் என்பது அந்தப் பார்வையிலேயே தெரிந்தது. அவள் குழந்தையை இழுத்து மார்போடு வைத்துக்கொண்டாள். அபிநயா அழவில்லை. நெற்றியைத் தேய்த்துக்கொண்டே, "டிரைவர் மாமா, இன்னா ஆச்சு?" என்று கேட்டாள்.

காரை நிறுத்திவிட்டு இறங்கினான். டயரில் ஒரு வெள்ளைக் கோடு. எச்சில் தொட்டுத் தேய்த்தால் போய்விடும் போல அவ்வளவு லேசான கோடு. வீலின் கறுப்புச் சாயம் ஒரு காசு அளவு பெயர்ந்திருந்தது. அவன் அதன் முன்னால் குந்தி உட்கார்ந்தபடியே இருந்தான். எழுந்து ஓரத்தில் போய் வாந்தி எடுத்தான். பிறகு பின் கதவுப் பக்கம் வந்து, சாவியை ரம்யாவின் கையில் கொடுத்தான். அவளுக்குக் கார் ஓட்டத் தெரியும்.

"நீங்களே ஓட்டிக்கினு போங்கம்மா. நான் ஓட்டக் கூடாது."

சுப்புராயன் பின்னாலிருந்து கத்திக்கொண்டிருந்தார். முருகவேல் திரும்பாமல் மலை மேலே நடந்தான்.

அவன் ஓடிவிட்டதைச் சுப்புராயன் தன் பக்கத்து நியாயமாக ஊரெல்லாம் சொன்னார். திருட்டு வெளிப்பட்டவன் எத்தனை நாள் தாங்குவான் என்றார். ரம்யா வளைவில் பார்த்ததை யாரிடமும் சொல்லவில்லை. அவன் மீது இரக்கப்பட்டா, வாசலில் தான் வாயைத் திறக்காதது உறுத்தியா என்பது அவனுக்குத் தெரியாமலே போயிற்று.

நான்கு நாள் கழித்துப் பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டு சாமியம்மாள் மலைக்கு வந்து சேர்ந்தாள். அவளுக்கு எல்லாம் சொல்லிவிட வேண்டும் என்று அவனுக்கு இருந்தது. சொன்னான். பாறை, ஸ்டியரிங், முன்னால் யார், பின்னால் யார் என்று ஒன்றுவிடாமல் சொன்னான். அவள் அடுப்பை ஊதிக்கொண்டே கேட்டாள். முடித்த பிறகும் ஊதுவதை நிறுத்தவில்லை. அடுப்பு நன்றாகப் பற்றிய பிறகுதான் திரும்பினாள்.

"ஜீப்பு கவுந்தப்ப உனக்குத் தெரியாம நடந்துச்சுன்னு இத்தன வருசமா சொல்லிக்கினு இருந்தேன். ஊருக்கும் சொன்னேன், எனக்கும் சொல்லிக்கினேன். இனிமே இன்னான்னு சொல்லுவேன்?"

மறுநாள் அவிழ்க்காத சாக்கைத் தலையில் வைத்துக்கொண்டு, பக்கத்து ஊரிலிருந்த தன் தம்பி முருங்கன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

முருகவேல் இப்போது அண்ணன் நிலத்தில் மரவள்ளிக்குக் களை எடுக்கிறான். ஸ்டியரிங்கைத் தொடுவதில்லை. கள்ளக்குறிச்சிக்குப் போக வேண்டியிருந்தால் பஸ்ஸில் ஏறிக் கடைசி சீட்டில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொள்கிறான். போன மாதம் பஸ் ஸ்டாண்டில் சுப்புராயனின் டிராக்டர் டிரைவரைப் பார்த்தான். கார் எப்படி ஓடுகிறது என்று கேட்டான். நன்றாக ஓடுகிறது, டயரின் பட்டன் தேய்ந்து வழுக்கையானதும் அதே கடையில் அதே மாதிரி டயரையே மறுபடி போட்டாயிற்று, ஒரு பஞ்சர்கூட ஆனதில்லை என்றார் அவர். முருகவேல் தலையாட்டிவிட்டு டீக்குக் காசு கொடுத்தான்.

சாமை அறுவடை முடிந்ததும் அரை மூட்டையைத் தூக்கிக்கொண்டு முருங்கன் வீட்டுக்குப் போனான். சாமியம்மாள் வாசல் பெருக்கிக்கொண்டிருந்தாள். அவனை உட்காரச் சொல்லவில்லை. மூட்டையை வாங்கி உள்ளே கொண்டுபோய்க் கொட்டினாள். சாக்கை உதறி, நாலாக மடித்து, அவன் கையில் கொடுத்தாள். பிறகு விட்ட இடத்திலிருந்து பெருக்கத் தொடங்கினாள்.